பதினொரு முறை வந்த எழுத்து

முதல் வகுப்பு, முதல் வாக்கியம், அதிலேயே இரண்டு தப்பு. கன்ஃபூசியஸின் உரைகளைத் தொகுத்த லுன்யூ நூலின் தொடக்க வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் ஆசிரியை. “கற்றதை உரிய வேளையில் பயில்வது மகிழ்ச்சி அல்லவா? தொலைவிலிருந்து நண்பர்கள் வருவது இன்பம் அல்லவா?” என்று பொருள் வரும் வரி அது. மகிழ்ச்சி, இன்பம் என்ற இரண்டு சொல்லையும் நான் தவறாகப் படித்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி, “நண்பர்கள் வந்தால் உடனே கச்சேரி வைத்துவிடுவீர்களா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் அப்போது தைவானில், ஷின்ச்சு நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுச் சீனம் ஓரளவு கைவந்திருந்தது. சந்தையில் பேரம் பேசுவேன், வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிப் புரியவைப்பேன். அந்தத் தைரியத்தில்தான் செவ்வியல் சீனம் கற்கப் போனேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் ஒரு மாலை தன் வீட்டுக் கூடத்தில் நடத்திய வகுப்பு. மாணவர்கள் ஆறு பேர். என்னைத் தவிர எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல். ஆசிரியையை எல்லோரும் ‘லாவ்ஷி’ என்று அழைத்தோம். நம் ஊரில் டீச்சர் என்பதுபோல.

தப்பு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நான் தவறாகப் படித்த முதல் எழுத்தை இன்றைய சீனத்தில் ‘ஷுவோ’ என்று படிப்பார்கள், ‘சொல்’ என்று பொருள். ஆனால் இந்த வரியில் அது மகிழ்ச்சி என்ற வேறொரு எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது, ஆகவே ‘யுவெ’ என்று படிக்க வேண்டும். இரண்டாவது எழுத்தை நான் இசை என்ற சொல்லில்தான் முதலில் கற்றேன். இசைக்கு ‘யின்யுவெ’. அதனால் அதைப் பார்த்ததும் ‘யுவெ’ என்றேன். இங்கே அதற்கு ‘லெ’ என்பதே சரி. ஆக, யுவெ என்ற ஓசை வாக்கியத்தில் வரத்தான் வேண்டும், ஆனால் நான் வைத்த இடத்தில் இல்லை. பாட்டி சிரித்ததில் நியாயம் இருந்தது.

லெ எனக்குத் தெரியாததும் அல்ல. பிறந்தநாள் வாழ்த்தில் ‘குவாய்லெ’ என்று எத்தனை முறை பாடியிருப்பேன். கோக்கோ கோலாவின் சீனப் பெயரான ‘கெகொவ் கெலெ’யின் கடைசி எழுத்தும் இதேதான். ஆனாலும் தனியாக ஒரு பழைய வரியில் நின்றபோது கண் பழகிய ஓசைக்கே ஓடியது.

அன்றிலிருந்து இந்த ஓர் எழுத்தை விடாமல் துரத்தினேன். அதன் உருவத்தைத் தமிழில் சொன்னால்: நடுவில் ‘வெள்ளை’ என்ற எழுத்து, அதன் இருபுறமும் முறுக்கிய நூல்போல ஒவ்வொரு சிறு எழுத்து, எல்லாவற்றுக்கும் கீழே ‘மரம்’. மொத்தம் பதினைந்து கோடுகள். சீனப் பெருநிலத்தில் இன்று எழுதும் எளிமை வடிவத்தில் ஐந்தே கோடுகள்தான். வேகமாக எழுதும் கையெழுத்திலிருந்து எடுத்த வடிவம் அது, நூலும் வெள்ளையும் அதில் தெரியாது. தைவானில் பழைய வடிவமே புழக்கம் என்பதால் எனக்கு உருவம் மனதில் நின்றது.

அந்த உருவம் எதைக் காட்டுகிறது? கி.பி. 100 வாக்கில் எழுத்துகளின் அகராதியைத் தொகுத்த ஷு ஷென், ‘ஐந்து சுரங்கள், எட்டு வகை ஓசைகள் ஆகியவற்றின் பொதுப்பெயர்’ என்று பொருள் சொல்லி, மரச் சட்டத்தில் ஏற்றிய முரசுகளின் படம் இது என்றார். 1899இல்தான் ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய மிகப் பழைய எழுத்துகள் அறிஞர்கள் கவனத்துக்கு வந்தன. அவற்றில் நடுவில் வெள்ளை இல்லாத வடிவங்கள் உண்டு. பட்டு நூலும் மரமும் மட்டும்தான். லுவோ ஜென்யூ என்ற அறிஞர் அதைப் பார்த்து, மரத்தின்மேல் கட்டிய பட்டுத் தந்தி, அதாவது தந்தி வாத்தியம் என்றார். வெள்ளை பின்னால் சேர்ந்தது, தந்திக்குச் சுருதி சேர்க்கும் கருவி என்பது அவர் கருத்து. முரசா தந்தியா என்பதில் எனக்குத் தந்திப் பக்கம்தான் சாய்வு. இரண்டு பக்கமும் தொங்கும் நூலைப் பார்த்த பிறகு முரசு என்று நினைக்க மனம் வரவில்லை.

அந்த எழுத்துக்கு மூன்று முக்கிய ஓசைகள். இசை என்றால் யுவெ. மகிழ்ச்சி, இன்பம் என்றால் லெ. ஒன்றை விரும்புவது, அதில் திளைப்பது என்றால் யாவ். லெ என்று எழுதினாலும் நம் ‘எ’ இல்லை அது. ‘ல’வுக்கும் ‘லெ’வுக்கும் நடுவில், நாக்கைப் பின்னால் இழுத்துச் சொல்ல வேண்டும். சீனத்தில் தொனி மாறினால் பொருள் மாறும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அந்த உதவியும் கிடையாது. மூன்றுமே நான்காம் தொனி, மேலிருந்து சட்டென்று கீழே விழும் தொனி.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரே எழுத்தை மூன்று விதமாகப் படிக்கும் கூத்து எதற்கு? ஒருநாள் பேருந்தில் போகும்போது ‘பாவம்’ நினைவுக்கு வந்தது. ‘ஐயோ பாவம்’ என்று எழுதினாலும், ‘நடனத்தில் பாவம் போதவில்லை’ என்று எழுதினாலும் தமிழில் எழுத்து ஒன்றுதான். முதலாவதை ஒரு மாதிரியும் இரண்டாவதை வேறு மாதிரியும் நாம் உச்சரிக்கிறோம். யாரும் நின்று யோசிப்பதில்லை. நடனம் என்ற சொல் வந்ததுமே வாய் தானாக மாறிவிடுகிறது. பொருள் முதலில், ஓசை பிறகு. நான் சீனத்தில் செய்துகொண்டிருந்தது இதற்கு நேர்த் தலைகீழ்: ஓசையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் பொருளைத் தேடினேன்.

லாவ்ஷி என்னைத் திருத்திய விதமும் இதேதான். அடுத்த வாரம் நான் வாய் திறப்பதற்குள் கை காட்டி நிறுத்தினார். “படிக்காதீர்கள். இந்த எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.”

“மலை.”

“முன்னால்?”

“நற்பண்புள்ளவர்.”

“நற்பண்புள்ளவர் மலையை என்ன செய்கிறார்? மலையை இசைப்பாரா?”

அது லுன்யூவின் ஆறாம் அதிகாரத்தில் வரும் புகழ்பெற்ற வரி. அறிவுள்ளவர் நீரை விரும்புவார், நற்பண்புள்ளவர் மலையை விரும்புவார். எழுத்துக்குப் பின்னால் ஒரு செயப்படுபொருள் நிற்கிறது, ஆகவே அது வினை. மரபான வாசிப்பு யாவ். அதே பத்தியின் முடிவில், அறிவுள்ளவர் மகிழ்வார், நற்பண்புள்ளவர் நீண்ட நாள் வாழ்வார் என்று வரும். அங்கே பின்னால் எதுவும் இல்லை, ஆகவே லெ. பத்து விநாடிக்குள் ஒரே எழுத்து இரண்டு ஓசையில். மலையையும் லெ என்றே படிப்பவர்கள் இன்று நிறைய உண்டு. லாவ்ஷிக்கு அது பிடிக்காது. காதில் விழுந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

யாவ் மறந்துபோகாமலிருக்க எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. இந்த எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ‘மருந்து’ என்ற எழுத்து வரும். அதன் ஓசை யாவ். தைவானில் தெருவுக்குத் தெரு மருந்துக்கடை, ஒவ்வொரு பெயர்ப் பலகையிலும் அந்த எழுத்து. வரலாற்று ஒலியியல்படி மருந்தும் விருப்பமும் ஒரே ஓசைக்கு வந்து சேர்ந்தது பிற்காலத்துத் தற்செயல்தான், ஆனால் மனப்பாடத்துக்கு அது போதும்.

கற்ற புதிதில் வரும் மிதப்பு என்னையும் விடவில்லை. அந்த வருட விடுமுறையில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்குப் போனேன். செங்குன்றில் 71 மீட்டர் உயரத்துக்குச் செதுக்கிய புத்தரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், 713இல் ஹைதோங் என்ற துறவி தொடங்கி 803இல் முடிந்த சிலை. ஊர்ப் பெயரில் இருப்பது இதே எழுத்தும் மலையும்தான். நற்பண்புள்ளவர் விரும்பும் மலை! செங்டுவில் வாடகைக் கார் ஓட்டுநரிடம், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், “யாவ்ஷான் போகிறேன்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பெயரில் ஊரே இல்லை என்றார். நான் லுன்யூவை மேற்கோள் காட்ட முயன்றேன். புத்தர் சிலை என்று சொன்னதும்தான், “ஓ, லெஷான்!” என்று சிரித்தார். பேருக்கு இலக்கணம் கிடையாது, ஊர்க்காரர் சொல்வதுதான் பேர். பிறகு தேடிப் பார்த்தால் இந்த எழுத்தின் ஊர்ப் பெயர்கள் ஒரு தனிக் காடு. ஜெஜியாங் மாகாணத்தில் இதே எழுத்தில் தொடங்கும் ஊர் யுவெச்சிங். ஹெபெய் மாகாணத்தில் லாவ்திங், இங்கே மூன்றிலும் சேராத நாலாவது ஓசை. குடும்பப் பெயராக வந்தால் யுவெ என்று சொல்பவர்களும் லெ என்று சொல்பவர்களும் தனித்தனியாக உண்டு. ச்சி நாட்டின் எழுபதுக்கு மேற்பட்ட நகரங்களைப் பிடித்த பழங்காலத் தளபதி, யுவெ யீ. ஆகவே ஊரானாலும் ஆளானாலும் யூகிக்காமல் கேட்டுவிடுவது இப்போது என் வழக்கம்.

திரும்பி வந்த பிறகு லாவ்ஷி எனக்கென்றே எடுத்துவைத்ததுபோல ஒரு பத்தியைக் கொடுத்தார். லுன்யூ, பதினாறாம் அதிகாரம். பயன் தரும் விருப்பங்கள் மூன்று, கேடு தரும் விருப்பங்கள் மூன்று என்று கன்ஃபூசியஸ் பட்டியல் போடும் இடம். சிறு பத்தி, ஆனால் அதில் இந்த எழுத்து பதினொரு முறை வருகிறது. வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்று வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்தேன். சரியான வாசிப்பு இது:

யீ ஜெ ஸான் யாவ், ஸுன் ஜெ ஸான் யாவ். யாவ் ஜியே லீ யுவெ, யாவ் தாவ் ரென் ஜ ஷான், யாவ் துவோ ஷியென் யோவ், யீ யீ. யாவ் ஜியாவ் லெ, யாவ் யீ யோவ், யாவ் யென் லெ, ஸுன் யீ.

பொருள்: பயன் தரும் விருப்பம் மூன்று, கேடு தரும் விருப்பம் மூன்று. சடங்கையும் இசையையும் அளவோடு நடத்துவதை விரும்புவது, பிறர் நல்லதை எடுத்துப் பேசுவதை விரும்புவது, நல்ல நண்பர்கள் பலரைப் பெறுவதை விரும்புவது, இவை பயன். இறுமாப்பான இன்பத்தை விரும்புவது, வெட்டியாகச் சுற்றுவதை விரும்புவது, விருந்துக் களியாட்டத்தை விரும்புவது, இவை கேடு.

யாவ் எட்டு, லெ இரண்டு, யுவெ ஒன்றே ஒன்று. யுவெ எங்கே என்று பாருங்கள்: ‘லீ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில். லீ என்றால் சடங்கு, ஒழுங்குமுறை. பழைய நூல்களில் அதுவும் இசையும் நம் ஊர் இலக்கண இலக்கியம்போல ஜோடியாகவே வரும். லீ பக்கத்தில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு யுவெ என்று சொல்லலாம். லெ இரண்டும் வாக்கியத் துண்டின் கடைசியில், முன்னால் ஓர் அடைமொழியோடு: இறுமாப்பு இன்பம், விருந்து இன்பம். துண்டின் தொடக்கத்தில் நின்று பின்னால் வருவதையெல்லாம் இழுத்துக்கொண்டு போவது யாவ். ‘யாவ் ஜியாவ் லெ’ என்பதில் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒன்றே. எழுத்தில் பார்த்தால் கண் சுழலும், காதில் கேட்டால் ஒரு குழப்பமும் இல்லை.

நான் முதல் முயற்சியில் ஒன்பது சரி. தவறிய இரண்டும் ஆரம்பத்தில் வரும் ‘மூன்று’கள். மூன்று என்ற எண்ணுக்குப் பின் வருவதால் பெயர்ச்சொல், ஆகவே லெ என்று போட்டிருந்தேன். கீழே பட்டியலில் வருவதெல்லாம் விரும்புதல் என்பதால் தலைப்பும் விருப்பமே, யாவ்தான். சரி, அப்படியானால் ‘மூன்று’ வந்தாலே யாவ் என்று மனதில் குறித்துக்கொண்டேன். கன்ஃபூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் அதுவும் உடைந்தது. சான்றோனுக்கு மூன்று இன்பங்கள் உண்டு, உலகை ஆள்வது அவற்றில் சேராது என்று அங்கே ஒரு வரி: பெற்றோர் உயிரோடிருப்பதும் உடன்பிறந்தார் நலமாக இருப்பதும், வானத்துக்கும் மனிதருக்கும் முன் கூச வேண்டாத வாழ்வு, திறமுள்ளவர்களைப் பெற்றுக் கற்பிப்பது. இங்கே பட்டியலில் இருப்பவை மனிதனுக்கு வாய்க்கும் இன்பங்கள். ஆகவே ‘ஸான் லெ’. அதே மூன்று, அதே எழுத்து, வேறு ஓசை. கீழே உள்ள பட்டியலைப் படிக்காமல் மேலே உள்ள தலைப்பைப் படிக்க முடியாது.

விடையைச் சரிபார்க்க உரையாசிரியர்களிடம் போக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஜூ ஷி இதற்கு மிக நல்ல துணை. பதினொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படிப்பதற்கே ஒரு சூட்சுமம் வேண்டும். இன்பம் என்ற பொருளில் வருவதற்கு அவர் ‘ஓசை லுவோ ஆற்றின் லுவோ’ என்று எழுதுகிறார். அதை நம்பி நான் ஒரு வாரம் ‘லுவோ’ என்று படித்தேன்! அவர் காலத்தில் அந்த ஆறும் இந்த எழுத்தும் ஒரே ஓசை. இன்றைய பொதுச் சீனத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. வீட்டுக்கார அம்மா பேசும் ஹொக்கியன் என்ற தென்பகுதிச் சீன மொழியில் இன்னும் பிரியவில்லை. மகிழ்ச்சிக்கு அவர் ‘குவாய்லோக்’ என்பார், ஆறும் ‘லோக்’தான். இசை அவர் வாயில் ‘இம்காக்’. பழஞ்சீனத்தில் சொல்லின் கடைசியில் இருந்த ‘க்’ தென்பகுதி மொழிகளில் தங்கிவிட்டது, பொதுச் சீனத்தில் உதிர்ந்துவிட்டது. ஆகவே பழைய உரையின் ஓசைக் குறிப்பை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்தப் பொருளின் ஓசை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்றைய உச்சரிப்பை அகராதியில் பாருங்கள். தைவான் கல்வி அமைச்சகத்தின் பெரிய அகராதி இணையத்தில் இலவசம். ஒவ்வோர் ஓசைக்கும் தனிப் பதிவு, அதன் கீழே பழைய நூலிலிருந்து மேற்கோள். மேற்கோளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மறுபடியும் என்னைப்போல கச்சேரிதான்.

அந்த ‘க்’ இன்னொன்றையும் விளக்கியது. கொரியத்தில் இதே எழுத்து ஆக், ராக், யோ. வியட்நாமியத்தில் நியாக், லாக், நியாவ். ஜப்பானியத்தில் இசை ‘ஓங்காகு’, இன்பம் ‘ராகு’. இசைக்கும் இன்பத்துக்கும் எங்கே போனாலும் ‘க்’ இருக்கிறது, விருப்பத்துக்கு மட்டும் கொரியத்திலும் வியட்நாமியத்திலும் இல்லை. பழைய ஓசைகளை மீட்டெடுக்கும் மொழியியலாளர்கள் சிலர், இசைக்கான சொல்லின் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒட்டாக வந்து ‘விரும்பு’ என்ற வினை பிறந்தது, அந்த ஒட்டுதான் ‘க்’கைத் தின்றுவிட்டது என்கிறார்கள். எழுத்தில் காட்ட முடியாத ஒட்டு என்பதால் ஓர் எழுத்தே மூன்று சொற்களையும் சுமந்தது. இதைப் படித்த அன்று எழுத்தின்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. மூன்று ஓசை என்பது பின்னால் வந்தவர்கள் செய்த வம்பு இல்லை, ஒரே வேரின் கிளைகள்போலும்.

பழையவர்களே இதில் விளையாடியிருக்கிறார்கள். சடங்கு நூலின் இசைப் பகுதியில் ‘யுவெ ஜெ லெ யெ’ என்று ஒரு வரி. இசை என்பது இன்பம். எழுத்தில் பார்த்தால் ‘இது என்பது இது’ என்றுதான் இருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது கடைசி வகுப்பில் வந்தது. மென்சியஸ் ச்சி நாட்டு அரசர் ஷுவானிடம் பேசும் இடம். அரசருக்கு வெட்கம், தனக்குப் பிடித்தது முன்னோர் இசையல்ல, ஊரில் புழங்கும் இசைதான் என்கிறார். மென்சியஸ் அதில் தப்பில்லை என்று தொடங்கிக் கேட்கிறார்: தனியாக இசையை அனுபவிப்பது, பிறரோடு சேர்ந்து அனுபவிப்பது, எது இன்பம்? ‘தனியாக’ என்பதற்குப் பின் இந்த எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து நிற்கிறது. ‘தூ யுவெ லெ’ என்பது ஜூ ஷியின் வழி: இசைத்து இன்புறுவது. ‘தூ லெ யுவெ’ என்று படிப்பவர்களும் உண்டு: இசையில் இன்புறுவது. நான் செயப்படுபொருள் பின்னால் வரும் என்ற என் விதிப்படி இரண்டாவதைப் படித்தேன். லாவ்ஷி முதலாவதைப் படித்துக் காட்டினார். என் வாசிப்பைத் திருத்துவார் என்று காத்திருந்தேன், கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. “உங்கள் பென்சிலில் என்ன நிறம் போட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

மென்சியஸின் அடுத்த கேள்வி, சிலரோடு அனுபவிப்பதா பலரோடு அனுபவிப்பதா என்பது. அரசர் பதில் சொல்வதற்குள் தெருவில் பீத்தோவன் மெட்டு கேட்டது. தைவானில் பல இடங்களில் குப்பை வண்டி அந்த மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும், ஓடிப் போய்ப் பையை நாமே வண்டியில் போட வேண்டும். ஆறு பேரும் புத்தகத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்தோம். லாவ்ஷி சமையலறையிலிருந்து இரண்டு பையைத் தூக்கி ஒன்றை என் கையில் திணித்தார். சந்து முழுக்க மக்கள் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். “பலரோடுதான்,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு.